இல்லையென்றால் எங்கள் பக்கம்

பத்து வருடமாகப் புரோகிராம் எழுதிச் சோறு தின்கிறவன் நான். மணி ஆறு முந்தியா பதினெட்டு முந்தியா என்று ஒப்பிடத் தெரியாமல், பெரியம்மாவின் வெங்காயக் காட்டைக் காயப்போட்டவனும் நான்தான். இதை ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. நான் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை என்று ஆன நாளில் வந்தவன், திரும்பிப் போகவில்லை. தோட்டத்தில் குடியிருக்கிறேன் என்றுதான் பேர். கீழே இறங்கி மண்ணில் கால் வைப்பது மாதத்துக்கு நாலு தடவை இருந்தால் அதிகம். அம்மா இதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நிலத்தை இரண்டாக்கினார்கள், மாட்டை இரண்டாக்கினார்கள், கிணற்றை இரண்டாக்க முடியவில்லை. அது பங்குக் கிணறாக நின்றுவிட்டது. ஒரே மோட்டார், ஒரே கரண்ட் சர்வீஸ். தண்ணீரைத்தான் முறை போட்டுப் பிரித்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை ஒரு வீட்டுக்கு, அது பகல் முறை. சாயங்காலம் ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை இன்னொரு வீட்டுக்கு, அது ராத்திரி முறை. வெள்ளிக்கிழமை விடிந்தால் முறை மாறும். இந்த வாரம் பகலில் பாய்ச்சியவர் அடுத்த வாரம் ராத்திரியில் பாய்ச்ச வேண்டும்.

இதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. எழவு விழுந்தோ, கரண்ட் நின்றோ, யார் முறை என்று குழம்பிப்போனால் அந்தத் தண்ணீர் மூத்தவர் வீட்டுக்கு. "முறை தப்புன தண்ணி பெரிய ஊட்டுக்கு" என்பார்கள். இது எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஆனாலும் பத்திரத்தில் இருந்த வரப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி, வாய்ச்சொல்லாக இருந்த இந்தத் தண்ணீருக்காக ஒருநாளும் சண்டை போட்டதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் வாய் வேறு, வயிறு வேறு, கிணறு மட்டும் ஒன்று.

பெரியப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பெரியம்மாவும் அவர் மகளும்தான் அந்த வீட்டில். மகள் எனக்குத் தங்கை முறை, திருச்செங்கோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போகிறாள். பகல் முறை வாரத்தில் பெரியம்மாவுக்குக் கஷ்டமில்லை. ராத்திரி முறையில்தான் பாடு. மும்முனை மின்சாரம் ராத்திரியில் எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் மோட்டார் தானாக ஓடும். ஆனால் தண்ணீரைத் தங்கள் குழாய்ப் பக்கம் திருப்புகிற வால்வைக் கிணற்றடிக்குப் போய்க் கையால்தான் திருக வேண்டும். அறுபது வயதில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பாம்பு நடமாடும் வரப்பில் நடந்தார். தை மாதத்தில் ஒருநாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிப் பத்து நாள் கட்டுப் போட்டிருந்தார்.

அந்தக் கட்டைப் பார்த்துத்தான் எனக்கு ரோஷம் வந்தது. ஊரில் ஒரு இன்ஜினியர் இருந்து என்ன பிரயோஜனம்? சேலத்தில் நாலு கடை ஏறி இறங்கி, கரண்டில் திறந்து மூடுகிற வால்வு இரண்டு வாங்கினேன். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை மோட்டார் ரூமில் பெட்டிக்குள் வைத்து, பைத்தானில் முப்பது நாற்பது வரி எழுதினேன். மணி என்ன என்று பார்க்கும், இந்த வாரம் யாருக்குப் பகல் என்று பார்க்கும், அந்த வீட்டு வால்வைத் திறக்கும். மோட்டார் எத்தனை நேரம் ஓடியது என்று என் போனுக்குக் கணக்கு அனுப்பும். சத்தியமாகச் சொல்கிறேன், பெரியம்மா ராத்திரியில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் செய்தேன். வேறு நோக்கம் ஒரு துளி இல்லை.

முதல் வாரம் பெரியம்மாவுக்குப் பகல் முறை. நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். காலை ஆறு மணிக்கு அவர் வால்வு டக்கென்று திறந்தது, சாயங்காலம் ஆறுக்கு மூடி எங்கள் வால்வு திறந்தது. ஏழு நாளும் கடிகாரம் மாதிரி வேலை செய்தது. அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைப் பெட்டிக்கு மேலே வைத்தார். அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூட்டி வந்து காட்டினார்.

பெரியம்மா அந்தப் பருவத்தில் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். சொட்டுநீர்க் குழாய் போட்ட காடு. மகளுக்குப் பள்ளிபாளையத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தது, வைகாசியில் கல்யாணம். வெங்காயம் எடுத்த கையோடு கல்யாணம் என்று திட்டம். கல்யாணத்துக்கு முக்கியமான ஒரு காரியத்தையும் அவர் முன்பே செய்திருந்தார். வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவையும் அம்மாவையும் சேர்ந்து நிற்கச் சொல்லி, "அவிய இருந்து செய்ய வேண்டியது. நீங்க ரெண்டு பேரும் நின்னு தாரை வாத்துக் குடுக்கோணும்" என்று கேட்டார். அப்பா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டாவது வாரம் முறை மாறியது. மூன்றாம் நாள் காலையில் பெரியம்மா எங்கள் வாசலுக்கு வந்து மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, ராத்திரி கரண்டே வரலீங்களா? மண்ணு காஞ்சு கெடக்குது."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். மோட்டார் நாலு மணி பத்து நிமிடம் ஓடியிருந்தது. முந்தின ராத்திரி மூன்றே முக்கால் மணி. மாடியிலிருந்தபடியே சொன்னேன்.

"வந்துச்சுங்க பெரீம்மா. நல்லா ஓடியிருக்குது. பில்டர்ல அடைப்பு இருக்கும், கழுவிப் பாருங்க."

அவர் கழுவிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். தானே ராத்திரி ஒருக்கா போய் நின்று பார்க்கட்டுமா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "அதுக்குத்தானுங்க இதை வெச்சிருக்குது. நீங்க மறுபடியும் ராத்திரில நடக்கறதுன்னா இது எதுக்கு? பைப்பு எங்கயோ ஒடஞ்சு தண்ணி பூமிக்குள்ள போகுது, தோண்டிப் பாருங்க" என்றேன். என் போனில் இருந்த நிமிடக் கணக்கின் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை. மோட்டார் ஓடிய நேரத்தைத்தான் அது சொல்லியது, தண்ணீர் யார் பக்கம் போனது என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஆள் கிடைத்து அவர் பைப்பைத் தோண்ட ஆரம்பித்தது வெள்ளிக்கிழமை. கிணற்றடியிலிருந்து அவர் காடு வரை இடுப்பளவு பள்ளம். எங்கேயும் உடைப்பு இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் முறை மாறிவிட்டது, அவருக்குப் பகல். தண்ணீர் வந்தது. தோண்டியதால்தான் வந்தது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். "எதோ மண்ணு அடைச்சிருந்திருக்கும் சாமி, நீ சொன்னதுதான் சரி" என்று ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்தேன்.

நாலாவது வாரம், மறுபடியும் ராத்திரி முறை. பங்குனி வெயில். வெங்காயம் திரளுகிற நேரம் அது, காய்க்குத் தண்ணீர் வேண்டிய நேரம். நாலு நாளில் தாள் நுனி மஞ்சளாகி மடங்கியது. இந்தத் தடவை பெரியம்மா என்னிடம் வரவில்லை, நேராக அப்பாவிடம் வந்தார்.

"எனக்கு ஒன்னும் புரியலீங்க. ஒரு பகல் முறைய மட்டும் கைமாத்தா உடுங்க. முறை மாறுனதும் என்ற பகல்ல ஒன்ன எடுத்துக்குங்க" என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் அவரைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்தார். அப்புறம், "எடுத்துக்குங்க அண்ணி, அதுக்கு என்னங்க" என்றார். என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு பகல் அவர் பக்கம் திருப்பி வை என்றார். நான் போனிலேயே திருப்பினேன். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய மனது என்று அப்பாவைச் சொன்னார். எனக்குக்கூட அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. காலை எட்டு மணி இருக்கும். வண்டியில் கடைக்குப் புறப்பட்டேன். எங்கள் தோட்டத்து வேலியை ஒட்டி ரோடு வரை போகிற இட்டேறிப் பாதையில் வண்டி சறுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. எழுந்து பார்த்தால் சேறு. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது, ஊரெல்லாம் புழுதி பறக்கிறது, இங்கே மட்டும் கணுக்கால் அளவு சேறு. எங்கிருந்து வருகிறது என்று வேலிக்குள் நுழைந்து பார்த்தேன்.

எங்கள் தென்னந்தோப்பு முழுக்கத் தண்ணீர் நின்றது. வட்டப்பாத்திகள் எல்லாம் நிறைந்து வழிந்திருந்தன. வரப்பில் ஓர் இடத்தில் மண்வெட்டியால் வெட்டிவிட்டிருந்தது. அதிகமான தண்ணீர் அந்த வழியாகத்தான் இட்டேறிக்கு வடிந்திருக்கிறது. வெட்டு நேராக இருந்தது. தானாக உடைந்த வரப்பு அப்படி இருக்காது. நான் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மாடிக்குப் போய் நான் எழுதிய வரிகளைத் திறந்தேன். பிழையைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மணி என்பது பெரியம்மா முறையின் ஆரம்பத்துக்குச் சமமாகவோ பிந்தியோ இருந்து, முடிவுக்கு முந்தியும் இருந்தால் அவர் வால்வைத் திற என்று எழுதியிருந்தேன். பகல் முறைக்கு ஆரம்பம் ஆறு, முடிவு பதினெட்டு, அதாவது கம்ப்யூட்டர் கணக்கில் சாயங்காலம் ஆறு. காலை பத்து மணி, ஆறுக்குப் பிந்தியது, பதினெட்டுக்கு முந்தியது. சரி. ராத்திரி முறைக்கு ஆரம்பம் பதினெட்டு, முடிவு ஆறு. பதினெட்டுக்குப் பிந்தியும் ஆறுக்கு முந்தியும் இருக்கிற மணி எது? கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு மணி கிடையாது. ராத்திரி பதினொன்று என்பது அதற்கு இருபத்து மூன்று. ஆறை விடப் பெரியது, தள்ளிவிடும். விடிகாலை மூன்று என்பது பதினெட்டை விடச் சிறியது, அதையும் தள்ளிவிடும். ராத்திரி முழுக்க ஒவ்வொரு நிமிடமும் அது மணியைப் பார்த்து, இது பெரியம்மாவின் நேரம் அல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பிழை இது. நாள் மாறுகிற இடத்தைக் கவனி, ராத்திரியைத் தாண்டுகிற நேரத்தைக் கவனி என்று நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். பகல் முறை வாரத்தில் சோதித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது, விட்டுவிட்டேன். அவ்வளவுதான். இதை மட்டும் என்றால் என்னால் தலையில் அடித்துக்கொண்டு போயிருக்க முடியும்.

அதற்கு அடுத்த வரிதான் என்னைக் கொன்றது. அந்த நேரம் பெரியம்மாவுடையது இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும்? 'எல்ஸ்' என்று போட்டு, எங்கள் வால்வைத் திற என்று எழுதியிருந்தேன். இல்லையென்றால் எங்கள் பக்கம். யோசித்து எழுதவில்லை. யோசித்திருந்தால், முறை தப்பின தண்ணீர் பெரிய வீட்டுக்கு என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன், அதைத் திருப்பித்தான் எழுதியிருப்பேன். கை தானாக எழுதியது எங்கள் வீட்டை. எனக்குள் எங்கே இருந்து அது வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாவுக்காகச் செய்தேன் என்று மேலே சத்தியம் செய்திருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்தால் வேலி செய்கிற சத்தியத்துக்கு என்ன மரியாதை?

கீழே இறங்கினேன். அப்பா தொழுவத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். வரப்பை யார் வெட்டியது என்று கேட்டேன்.

"நாந்தான். தென்ன மூழ்கிப் போகுதே."

"எத்தன நாளா அப்பா?"

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "மொத ராத்திரி முறையில இருந்தே வருது" என்றார்.

"பெரீம்மா காஞ்சு போகுதுன்னு வந்து நின்னாங்க. உங்களுக்குத் தெரியுமே. கைமாத்து கேட்டாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமல்லங்க?"

அவர் சொன்ன பதிலை நான் மறக்கப்போவதில்லை.

"உன்ற மிஷினு குடுக்குது, வருது. நாம என்ன வால்வத் திருகித் திருடுனமா? நீ படிச்சவன், நீ வெச்சது. சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"அப்படி நெனச்சீங்களா? நெசமாவா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தென்ன மூணு வருசமா காஞ்சு கெடந்துச்சுடா" என்றார். "பாள விட்டிருக்குது, போய்ப் பாரு. சொல்லலாம் சொல்லலாம்னுதான் இருந்தேன். ரெண்டு நாள் போச்சு. அப்பறம் சொன்னா ரெண்டு நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. அப்படியே நாள் போச்சு."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவன்கூட சாமிக்குத்தான் உடைத்தான், நீங்கள் அவர் தண்ணீரையே எடுத்து அவருக்கே கைமாற்றாகக் கொடுத்தீர்கள் என்று கத்தினேன். அம்மா சமையல்கட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கும் தெரிந்திருக்கும் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. நான் அதைக் கேட்கவில்லை.

அப்பா, "போய்ச் சொல்லிட்டு வா" என்றார். "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மிஷின் வைத்தவன் நான், நானே சொல்கிறேன் என்றேன். அவரைக் கூட்டிப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு நான் செய்த தப்புகளில் அதுதான் பெரியது.

பெரியம்மா வெங்காயக் காட்டில் உட்கார்ந்து தாளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளம் தோண்டி மூடிய மண் இன்னும் மேடாகக் கிடந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன். மணி ஒப்பிட்டதில் பிழை, ராத்திரி முறையில் உங்கள் தண்ணீர் முழுக்க எங்கள் தோப்புக்குப் போயிருக்கிறது, தப்பு என்மேல், இன்றையிலிருந்து எங்கள் முறையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் ஒரு செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். காய் கோலிக்குண்டு அளவு இருந்தது.

"தாளு கழுத்து சாஞ்சு போச்சு சாமி. இனிமே தண்ணி உட்டா அழுகித்தான் போகும். உங்க முறை எனக்கு எதுக்கு?" என்றார். அப்புறம், "நானும் உன்ற பேச்சக் கேட்டு பூமியத் தோண்டுனனே" என்றார். சிரிக்கிற மாதிரி சொன்னார். மன்னிச்சிருங்க பெரீம்மா என்றேன்.

"போகுது உடு. மிஷினு தப்புப் பண்ணுனா மிஷின வைய முடியுமா? உனக்குத் தெரிஞ்சா செஞ்ச?" அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். நெசத்தச் சொல்லு. உங்கப்பனுக்கு இது தெரியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "தெரிஞ்சுதான் இருந்தாங்கன்னா, என்ற புள்ளய அந்தக் கையில தாரை வாக்கச் சொல்ல என்னால ஆகாது. வேற ஆரையாச்சும் பாத்துக்கறேன். அதான் கேக்கறேன்."

காட்டில் வேறு யாரும் இல்லை. எங்கோ ஒரு ரிக் வண்டி போர் போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது, நன்றாக இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. சித்தப்பன் இருக்கும்போது வேறு ஆள் தாரை வார்த்தால் மண்டபத்தில் வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பான், பள்ளிபாளையத்துக்காரர்கள் கேட்பார்கள், தங்கை தலைகுனிந்து நிற்பாள். கிணறு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் சொன்னது இதற்காகவெல்லாம் அல்ல என்று எனக்குத் தெரியும். அவர் என் அப்பா, அவ்வளவுதான். இல்லையென்றால் எங்கள் பக்கம் என்று என் கை எழுதிய மாதிரியே என் வாயும் சொன்னது.

"தெரியாதுங்க பெரீம்மா. அப்பா தோப்புப் பக்கமே போகலைங்க."

அவர் மூச்சை விட்டார். அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். "அது போதும் சாமி" என்றார். "வெங்காயம் போனா போகுது. அடுத்த போகம் போட்டுக்கலாம்." என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கையை உருவிக்கொண்டு ஓட வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, என்ன சொன்னாங்க என்று கேட்கவில்லை, நீ என்ன சொன்னாய் என்றுதான் கேட்டார். சொன்னேன். தாரை வார்க்கிற பேச்சையும் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது. பொய் சொன்னதற்காக என்னை அடித்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வெட்டின வரப்பை மூடிவிட்டு வந்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

புரோகிராமைத் திருத்தினேன். ஆரம்பம் முடிவைவிடப் பெரியதாக இருந்தால் அது ராத்திரியைத் தாண்டுகிற முறை. அப்போது மணி ஆரம்பத்துக்குப் பிந்தியோ, அல்லது முடிவுக்கு முந்தியோ, இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று மாற்றினேன். இரண்டு வரி வேலை. 'எல்ஸ்' என்ற இடத்தில் எங்கள் வீட்டை எடுத்துவிட்டுப் பெரிய வீட்டைப் போட்டேன். எங்களுக்கென்று தனியாக ஒப்பிட்டு, எங்கள் நேரம் என்று உறுதியானால் மட்டும் எங்கள் வால்வு திறக்கும். இப்போது எந்த வால்வு திறந்தது என்றும் போனுக்கு வருகிறது. பெரியம்மா போனுக்கும் வருகிறது. அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. கல்யாணம் ஆகிற வரை மகள் படித்துக் காட்டினாள்.

பெரியம்மா அந்தச் சின்னக் காயையே பிடுங்கிக் கிடைத்த விலைக்குப் போட்டார். கல்யாணம் நிற்கவில்லை. சாப்பாட்டில் இரண்டு பதார்த்தம் குறைந்தது என்று மட்டும் தங்கை என்னிடம் விளையாட்டாகச் சொன்னாள். அப்பா அந்த ஒரு மாதமும் பெரிய வீட்டு வேலையாகவே அலைந்தார். பந்தக்கால் நட்டது, பாத்திரம் எடுத்தது, பத்திரிகை வைக்கப் போனது எல்லாம் அவர். பெரியம்மா போகிற இடத்தில் எல்லாம் கொழுந்தனாரைப் பற்றிப் பெருமை பேசினார். அப்பா அதைக் கேட்கிற இடத்தில் நிற்கமாட்டார். ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவார்.

முகூர்த்தம் அதிகாலையில். அப்பாவும் அம்மாவும் மணவறையில் நின்றார்கள். கணவனை இழந்தவர் மேடைக்கு வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, பெரியம்மாவே வரவில்லை. மண்டபத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். நான் அவரோடு நின்றேன். மாப்பிள்ளை கையின்மேல் தங்கையின் கையை வைத்து, அதன்மேல் அப்பா கையை வைத்தார். அம்மா சொம்பிலிருந்து அப்பா கையில் தண்ணீரை வார்த்தார். அப்பாவின் கை நடுங்கியது. சாதாரண நடுக்கம் இல்லை, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கே தெரிந்தது. தண்ணீர் தாம்பாளத்தில் விழாமல் வெளியே மணையில் சிந்தியது. ஐயர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பெரியம்மா என் தோளைத் தொட்டார். அவர் கண் நிறைந்திருந்தது.

"பாரு சாமி, உங்கப்பனுக்குக் கை எப்படி நடுங்குதுன்னு. அவியண்ணன் நெனப்பு வந்துருச்சு. கூடப் பொறந்த பாசம் அது."

"ஆமாங்க பெரீம்மா" என்றேன்.